பழைய பிக்கப் டிரக்கில் முன் டிஃபரன்ஷியல் மாற்றம்: வீட்டு கராஜில் நடந்த ஒரு பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவுக்குத் தெற்கே சிம்கோ கவுண்டி என்ற பகுதி இருக்கிறது. ஏரியின் மேல் வரும் ஈரக்காற்று கரையேறியதும் பனியாகக் கொட்டும் இடம் அது. அங்கே ஒரு கிராமத்துச் சாலையிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே, மேட்டின் மேல், நண்பர் ஒருவரின் வீடு. பாதை முழுவதும் ஜல்லி. குளிர்காலத்தில் தன் பாதையையும் அக்கம்பக்கத்தில் இரண்டு முதிய தம்பதிகளின் பாதைகளையும் அவர்தான் டிரக்கின் முன்னால் பிளேடு மாட்டிச் சுத்தம் செய்வார். அதனால் அந்த வண்டியின் நான்கு சக்கர இயக்கம் அவருக்கு வசதிக்கான விஷயம் இல்லை. அது வேலை செய்யாவிட்டால் மூன்று வீடுகள் அடைபட்டுப் போகும்.

வண்டி 2004 ஷெவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 எஞ்சின். ஓட்டம் 3,12,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கியது. எஞ்சின் ஆயிலை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. முன் டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் சுழற்சியை இரு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. அதன் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதும் இல்லை.

இந்தப் பணியில் மூவர் இருந்தோம். வண்டிக்காரர், அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர், நான். பெரியவர் இளமையில் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்தவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். குறிப்பேடு என் கையில் இருந்தது. நேரம், அளவு, தவறு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவைத்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கவனித்தது

அக்டோபர் மூன்றாம் வாரம். குளிர் தொடங்குவதற்கு முன் பிளேடு மாட்டிப் பார்க்கலாம் என்று வண்டிக்காரர் ஜல்லிப் பாதையில் 4 வீல் பொத்தானை அழுத்தி ஓட்டினார். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டதும் முன்பக்கத்திலிருந்து ஓர் உறுமல். வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறியது. ஆக்சிலரேட்டரை விட்டால் சத்தத்தின் தன்மை மாறியது, ஆனால் நிற்கவில்லை. 2 வீலுக்கு, அதாவது பின்சக்கர இயக்கத்துக்கு மட்டும், மாற்றியதும் அடங்கிவிட்டது.

போன குளிர்காலத்தின் கடைசியிலேயே லேசாகக் கேட்டதாக அவர் பிறகு சொன்னார். பனி டயர்களின் இரைச்சல் என்று விட்டுவிட்டாராம்.

ஒரு பட்டறையில் விசாரித்ததில், முன் வீல் பேரிங்குகளாக இருக்கலாம், இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். வண்டியை நேரில் பார்க்காமல் தொலைபேசியில் சொன்ன யோசனை அது. டிஃபரன்ஷியல்தான் என்றால் புதுப்பித்த ஒன்றைப் போட்டுத்தர சுமார் 2,400 டாலர் ஆகும் என்றும் சொன்னார்கள்.

எது பழுது என்று எப்படி முடிவு செய்தோம்

இந்த வண்டியின் முன்பக்கம் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சினின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். டிஃபரன்ஷியலிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு சிவி ஷாஃப்ட். 2 வீலில் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றுவதில்லை. ஆனால் முன் சக்கரங்கள் உருளுவதால் இரு பக்க சிவி ஷாஃப்ட்டுகளும் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். டிஃபரன்ஷியலின் வலப்பக்கக் குழாய்க்குள் ஒரு ஸ்லீவ், அதாவது நகரும் வளையம், இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சிறிய மின் ஆக்சுவேட்டர் ஒன்று அந்த ஸ்லீவைத் தள்ளி, வலப்பக்க ஷாஃப்ட்டின் இரு துண்டுகளையும் இணைக்கும். 2 வீலில் அந்த இணைப்பு விட்டிருக்கும். அப்போது இடச் சக்கரம் தன் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சுற்றும், அது நடுவில் உள்ள சிறு பல்சக்கரங்கள் வழியாக வலப்பக்க உள் துண்டை எதிர்த்திசையில் சும்மா சுற்றிவிடும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனும், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அசையாமல் நிற்கும்.

ஆக, வீல் பேரிங் பழுதென்றால் 2 வீலிலும் சத்தம் வரவேண்டும். வளைவில் ஒரு பக்கம் பாரம் ஏறும்போது அது கூடிக் குறையவும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. சிவி ஜாயிண்ட் என்றால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டக்டக் என்று அடிக்கும். அதுவும் இல்லை, ரப்பர் பூட்டுகளும் கிழியவில்லை. மிச்சம் நான்கு: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட், பினியன் பேரிங், கிரவுன் பினியனின் பற்கள்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்கலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது என்பது அவர் பட்டறையில் கற்ற பாடம். எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களை மட்டும் தூக்கி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் பினியன் யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபோது கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தது. அங்கே ஆட்டமே இருக்கக்கூடாது.

அடுத்தது ஆயில். அண்ணன் முதலில் மேலே உள்ள ஃபில் பிளக்கைத்தான் கழற்றச் சொன்னார். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால், ஆயில் ஊற்ற வழியில்லாத வண்டி கையில் இருக்கும். நல்லவேளை, திறந்தது. பிறகு வடித்தோம். இந்த டிஃபரன்ஷியல் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வந்தது அரை லிட்டருக்கும் குறைவு. கறுப்பாக, வெயிலில் காட்டினால் வெள்ளிப் பொடி மின்னியது. துணியில் சுற்றிய காந்தத்தை அதில் விட்டு எடுத்தபோது பொடியோடு அரிசி நொய் அளவில் மூன்று உலோகச் சில்லுகளும் ஒட்டி வந்தன.

பொடி மட்டும் என்றால் தேய்மானம் என்று சொல்லலாம். சில்லு வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அத்துடன் டிஃபரன்ஷியல்தான் பழுது என்று முடிவு செய்தோம்.

என்னென்ன வழிகள் இருந்தன

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

ஒன்று, உள்ளதைப் பிரித்து பேரிங் மாற்றுவது. பேரிங், சீல் விலை அதிகமில்லை. ஆனால் பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும், பற்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழ் என்ற கணக்கில் அமைக்க வேண்டும். அதற்கு டயல் கேஜ், பிரஸ், குறைந்த முறுக்கை அளக்கும் ரெஞ்ச் எல்லாம் வேண்டும். அண்ணனுக்குக் கை தெரியும், கருவி இல்லை. கருவி இல்லாமல் கிரவுன் பினியன் அமைத்தால் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஊளையிடும் என்றார்.

இரண்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு பின்சக்கர இயக்கத்தோடு மட்டும் ஓட்டுவது. கோடை என்றால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். நவம்பர் வாசலில் நிற்கும்போது, பனி அள்ளுகிறவருக்கு இது வழியில்லை.

மூன்று, பழைய வண்டியிலிருந்து கழற்றிய முழு டிஃபரன்ஷியலை வாங்கிப் போடுவது. இந்தத் தலைமுறை 1500 வண்டிகள் அந்த வட்டாரத்தில் ஏராளம். விலை 350 டாலர். ஹவுசிங்கைப் பிரிக்காமல் அப்படியே மாட்டலாம். இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவு சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். வாங்கிய விதத்தில்தான் தவறினோம்.

விகிதம் பற்றிய சோதனை

கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் பல் விகிதம். முன் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் பின்னுள்ளதும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இந்த வண்டிகளின் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. நம் வண்டியில் ஜிடி4 இருந்தது.

ஆனால் 20 வயது வண்டியில் ஸ்டிக்கரை மட்டும் நம்பக்கூடாது. முந்தைய உரிமையாளர் பின் ஆக்சிலை மாற்றியிருக்கலாம். அதனால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினோம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினோம். மூன்றே முக்காலுக்கு ஒரு நூல் குறைவு. 3.73 உறுதி.

அந்தச் சனிக்கிழமையே, 70 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு வண்டி உடைக்கும் யார்டுக்கு வண்டிக்காரரும் நானும் போனோம். சென்னைப் புதுப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் வாசனை உடனே பிடிபடும். கழற்றி அலமாரியில் வைத்திருந்த டிஃபரன்ஷியல் ஒன்றைக் காட்டினார்கள். மேலே வெள்ளை மார்க்கரில் 3.73 என்று எழுதியிருந்தது.

எண்ணிப் பார்க்கலாம் என்று அங்கேயே பினியனைச் சுற்றினோம். சிவி ஷாஃப்ட் மாட்டும் தட்டான இடப்பக்க ஃபிளாஞ்ச் கொஞ்சம் நகரும், பிறகு நிற்கும், பினியன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. காரணம் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. மேலே சொன்ன வலப்பக்க ஸ்லீவ் விட்ட நிலையில் இருந்ததால், சுற்றெல்லாம் வெளியே தெரியாத உள் துண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதைச் சுற்றுகிறோம் என்று தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தோம். குளிர்வேறு. மார்க்கர் எழுத்தை நம்பி வாங்கி ஏற்றிவிட்டோம். அண்ணனை அழைத்துப் போகாதது அன்றைய முதல் தவறு. விடை வராத சோதனையைச் சோதனையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது இரண்டாவது.

கழற்றிய நாள்

அடுத்த வாரம் மூன்று மாலைகள், கழற்ற வேண்டிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவைத்தோம். ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். இருபது குளிர்காலம் கண்ட போல்ட்டின் தலை ஆறு பக்கமாக இருந்தாலே நல்ல காலம்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. வீட்டின் முற்றம் ஜல்லி, கராஜ் மட்டும் கான்கிரீட். வண்டி நீளம் என்பதால் கதவை மூட முடியாமல் பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே 4 டிகிரி குளிர். ஆனாலும் முன்பாதி கான்கிரீட்டில் நின்றாக வேண்டும் என்பதில் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, சட்டத்தின் இரு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்ட், கழற்றிய முன் சக்கரங்களைச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்தோம், ஸ்டாண்ட் தவறினாலும் வண்டி அவற்றின் மேல் விழட்டும் என்று. பிறகு வண்டியைத் தோளால் நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆள் அடியில் போனது.

கவசத் தகடு, பேட்டரி இணைப்பு, ஆக்சுவேட்டர் வயர் எல்லாம் எளிதாக வந்தன. காற்றுக்குழாயைக் கழற்றும்போதுதான் மூலகாரணம் தெரிந்தது. டிஃபரன்ஷியல் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற ஒரு ரப்பர் குழாய் மேலே போகும். அந்தக் குழாய் பாதியில் இற்று, தொங்கிய முனையில் மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. காற்று போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, வலப்பக்க ஆயில் சீல் வழியாக ஆயில் கசிந்திருக்கிறது. டிஃபரன்ஷியலின் வலப்பக்கக் குழாயின் வெளிப்புறம் முழுக்க ஆயிலும் தூசியும் சேர்ந்த பழைய பிசுக்கு.

முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நான்கு சிறு போல்ட்டுகளைக் கழற்றும் முன் யோக்கிலும் ஷாஃப்ட்டிலும் பெயிண்ட் கோடு போட்டோம், அதே நிலையில் திரும்ப மாட்டுவதற்காக. கழற்றியதும் ஜாயிண்ட்டின் கிண்ணங்களை டேப்பால் சுற்றினோம். ஒரு கிண்ணம் நழுவினால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் தரையெல்லாம் சிதறும்.

சிவி ஷாஃப்ட்டுகளை ஹப்பிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. உள்முனை ஃபிளாஞ்சில் பக்கத்துக்கு ஆறு போல்ட், 15 எம்எம் தலை. பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்க, நீளக் கைப்பிடி போட்டு ஒன்றொன்றாகத் திருகினோம். பன்னிரண்டில் பதினொன்று வந்தன. ஒன்றின் தலை மழுங்கியது. அதன் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து எடுத்தார் அண்ணன். வெல்டிங் சூடு உள்ளே இறங்கியதும் துரு தானாக விட்டது. ஷாஃப்ட்டுகளைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டினோம். பின்னால் உள்ள குறுக்குச் சட்டமும், ஸ்டியரிங் ரிலே ராடின் ஒரு முனையும் வழிவிட்டன.

அதற்கப்புறம் மாட்டிக்கொண்டது ஓட்டுநர் பக்கத்துத் தாங்கு போல்ட்டில்.

டிஃபரன்ஷியலின் காதுகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல், அதன் வழியாக நீண்ட போல்ட். கீழ்ப் போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது, ஆனால் போல்ட்டும் இரும்புக் குழலும் துருவால் ஒன்றாகிவிட்டன. சுத்தியலால் அடித்தால் போல்ட், குழல் இரண்டும் ரப்பரோடு சேர்ந்து அசைந்து, அடியை விழுங்கிவிட்டன. இம்பாக்ட் ரெஞ்ச் போட்டால் ரப்பர் முறுகித் திரும்பியது. கேஸ் டார்ச்சால் சூடு காட்டினோம், ரப்பர் புகைந்தது. பக்கத்திலேயே ஆயில் பிசுக்கு. அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார். அதைத் தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இரண்டரை மணி நேரம் அதோடு போராடினோம். வண்டிக்காரர், அது விலைக்கு வாங்கும் போல்ட்தானே, ஏன் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று கேட்டபோதுதான் எனக்கும் உறைத்தது. பழைய டிஃபரன்ஷியல் எப்படியும் பழைய இரும்புக்குப் போகிறது. காப்பாற்ற வேண்டியது வண்டியின் சட்டத்தில் உள்ள பிராக்கெட் மட்டும். மின் ரம்பத்தில் உலோகம் அறுக்கும் பிளேடைப் போட்டு, பிராக்கெட்டுக்கும் காதுக்கும் நடுவே போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்தோம். பத்தொன்பது நிமிடம்.

ஜாக்கியின் மேல் பலகை வைத்து, டிஃபரன்ஷியலை அதோடு பட்டையால் கட்டி, வலப்பக்கக் குழாயின் தாங்கியையும் கழற்றி இறக்கியபோது மாலை ஐந்தரை.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த உண்மை

மறுநாள் காலை பழையதையும் வாங்கி வந்ததையும் அருகருகே பலகையில் வைத்தோம். அண்ணன் வந்ததும் முதலில் கேட்டது, எண்ணியாச்சா என்றுதான். யார்டில் நடந்ததைச் சொன்னேன்.

வாங்கியதில் இருந்த ஆக்சுவேட்டரைத் திருகிக் கழற்றினார். அந்தத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு உள்ளே உள்ள தண்டை அழுத்திப் பிடித்தார். ஸ்லீவ் க்ளிக் என்று சேர்ந்தது. "தம்பி, இப்ப வலப்பக்க ஃபிளாஞ்சைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, விட்டுடாதே" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பினியனைச் சுற்றச் சொன்னார். இடப்பக்க ஃபிளாஞ்ச் இரண்டு முழுச் சுற்று வரும்வரை சுற்றினேன்.

மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்று தடவை எண்ணினோம், மூன்று தடவையும் அதே அளவு. பழையதை அதே முறையில் எண்ணினால் மூன்றே முக்கால். வாங்கி வந்தது 3.42.

இதை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 3.73-ஐ 3.42-ஆல் வகுத்தால் 1.09. பின் சக்கரங்கள் 100 சுற்று சுற்றும்போது முன் சக்கரங்கள் 109 சுற்று சுற்றப் பார்க்கும். பனியில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். பிடிப்புள்ள தரையில் தாங்காது. இழுவை முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலிக்கும் ஜாயிண்ட்டுகளுக்கும் போகும். 2 வீலில் ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். கிரவுன் பினியன் நின்றுகொண்டிருக்குமே. முதல் கனத்த பனியன்று, வீட்டிலிருந்து தள்ளி, பாரத்தோடு இருக்கும்போது தெரிந்திருக்கும்.

அன்று அவசரப்படாமல் நின்றது அண்ணனால்தான். வண்டிக்காரர் ஏற்கெனவே புது போல்ட்டுகளை வாங்கி வந்திருந்தார். மாட்டிவிடும் மனநிலையில்தான் நாங்கள் இருவரும் இருந்தோம்.

பிற்பகலில் பழைய டிஃபரன்ஷியலின் ஹவுசிங்கை இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம். கிரவுன் வீலில் 41 பற்கள், பினியனில் 11. கணக்கு 3.73-க்குச் சரியாக வந்தது. பினியனின் ஒரு பேரிங்கில் உருளைகள் குழிகுழியாகப் பொரிந்து, வளையம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கிரவுன் வீலின் முன்னோட்டப் பக்கத்துப் பற்களில் நீளவாக்கில் கீறல்கள். பக்கவாட்டு பேரிங்குகள் நன்றாகவே இருந்தன. ஆயில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது பினியன் பேரிங்தான் என்று அண்ணன் சொன்னது கண்முன் இருந்தது.

இரண்டாவது டிஃபரன்ஷியல்

அந்த வாரம் மூவருமாக யார்டுக்குப் போனோம். பணியாளர் வாதாடாமல் மாற்றித்தரச் சம்மதித்தார். இந்த முறை அலமாரிப் பக்கம் போகவில்லை. இன்னும் உடைக்காமல் நின்ற 2005 வண்டி ஒன்றின் கையுறைப் பெட்டியில் ஜிடி4 இருந்தது. அதிலிருந்து கழற்றித்தரச் சொல்லி, அங்கேயே கம்பி விட்டு எண்ணினோம். மூன்றே முக்கால். ஃபில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார் அண்ணன். ஆயில் பழசு, ஆனால் சில்லு இல்லை. பினியனில் ஆட்டம் இல்லை.

பலகையில் வைத்து இடப்பக்க ஆயில் சீலை மாற்றினோம். பினியன் சீல் ஈரமில்லாமல் இருந்ததால் தொடவில்லை. அந்த நட்டைக் கழற்றினால் பேரிங்கின் முன்னிறுக்கம் கலைந்துவிடும். வலப்பக்க சீலை மாற்ற வேண்டுமானால் குழாயையே கழற்ற வேண்டும், ஸ்லீவும் ஸ்பிரிங்கும் ஃபோர்க்கும் கையோடு வரும். அதுவும் ஈரமில்லாமல் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். இது என் யோசனை. அண்ணன் மாற்றிவிடலாம் என்றார், நான்தான் நேரத்தைக் காரணம் காட்டினேன்.

மாட்டியதும் ஓட்டிப் பார்த்ததும்

இரண்டாம் சனிக்கிழமை மாட்டினோம். கழற்ற ஒன்பது மணி நேரம் ஆனது, மாட்ட நாலரைதான். புது போல்ட்டுகளுக்கெல்லாம் துரு பிடிக்காத பசை தடவினோம், நூலில் படாமல் தண்டில் மட்டும். எல்லாத் தாங்கு போல்ட்டுகளையும் கையால் மாட்டி, டிஃபரன்ஷியல் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்கினோம். ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் டார்க் ரெஞ்சில் 58 அடி பவுண்டு. புதுக் காற்றுக்குழாயை எஞ்சின் அறையில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினோம். 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில், ஃபில் துளையில் வழியும் வரை.

பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. 4 வீல் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் எல்லோர் முகமும் வாடிப்போனது. யார்டு டிஃபரன்ஷியலோடு வந்த ஆக்சுவேட்டர் செத்திருந்தது. நம் பழைய ஆக்சுவேட்டரை மாட்டியதும் விளக்கு நிலையாக நின்றது. பழையது வேலை செய்யும் என்று எங்களுக்கு முன்பே தெரியும், அதை முதலிலேயே போட்டிருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தது ஜல்லிப் பாதையில். காய்ந்த தார்ச்சாலையில் 4 வீல் போட்டுத் திருப்பினால் சரியான வண்டியே இறுகி முறுக்கும், அந்தச் சத்தத்தைப் பழுது என்று குழம்பிவிடுவோம். 30, 40, 50 கிலோமீட்டர் வேகம். உறுமல் இல்லை. வண்டிக்காரர் ஜன்னலை இறக்கிவிட்டு, மேட்டுக்கு ஏறி இறங்கி, மறுபடி ஏறினார். வேறு எதுவும் பேசவில்லை.

நான்கு நாள் கழித்து முதல் பனி.

அதற்குப் பின்

100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டுகளையும் சரிபார்த்தோம். ஒன்றும் இளகவில்லை. 800 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து மாற்றினோம். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, சில்லு இல்லை. பிப்ரவரியில் வலப்பக்க சீல் வேர்க்கத் தொடங்கியது. சொட்டு விழவில்லை, ஆனால் துடைத்தால் விரலில் படுகிறது. யார்டில் தூக்கத்தில் இருந்த பழைய ரப்பர் சூடாகிக் குளிர்ந்ததும் கைவிட்டது. மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார். மே மாதம் குழாயை இறக்கி சீலை மாற்றினோம். பலகையில் இருந்தபோது முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, வண்டிக்கு அடியில் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டது.

மொத்தச் செலவு டிஃபரன்ஷியல் 350, போல்ட், சீல், ஆயில், குழாய் எல்லாம் சேர்த்து சுமார் 140, ரம்பத்துக்கான பிளேடுகள் 30 டாலர். யார்டுக்கு இரண்டு பயணம்.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவோம்

அண்ணனிடமும் வண்டிக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வண்டிக்காரர், வண்டி வாங்கிய முதல் வாரமே முன், பின், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயிலையும் மாற்றி, காற்றுக்குழாயை ஊதிப் பார்த்திருப்பேன் என்றார். ஒரு மண் கட்டியில் தொடங்கிய செலவு இது என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அண்ணன், போல்ட்டை அறுக்கும் முடிவை இருபதாவது நிமிடத்திலேயே எடுத்திருக்க வேண்டும் என்றார். ரப்பர் புஷ்ஷில் சிக்கிய போல்ட்டுக்குச் சூடு காட்டியதும் தவறுதான் என்று அவரே சொன்னார்.

என் பங்கு: யார்டிலேயே ஸ்லீவைச் சேர்த்து எண்ணியிருப்பேன். ஒரு கம்பியும் சாக்பீஸும் போதும், பத்து நிமிட வேலை. எண்ணிக்கை மாறி மாறி வந்தபோது, ஏன் மாறுகிறது என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்தது என்னை இன்னும் உறுத்துகிறது. பலகையில் இருக்கும்போதே இரு பக்க சீலையும் மாற்றியிருப்பேன், ஆக்சுவேட்டரையும் சோதித்திருப்பேன்.

மே மாதம் அந்த சீல் வேலை முடிந்த அன்று, வண்டிக்காரர் ஹவுசிங்கைத் துடைத்து, கவசத் தகட்டை மாட்டும் முன் மஞ்சள் பெயிண்டில் 3.73 என்று பெரிதாக எழுதினார். பக்கத்திலேயே பற்களின் எண்ணிக்கையையும் எழுதச் சொன்னார் அண்ணன். இந்த ஹவுசிங்கை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லையே, எண்ணாததை எழுத வேண்டாம் என்றேன். அதனால் "சுற்றி எண்ணியது" என்று மட்டும், தேதியோடு எழுதியிருக்கிறது.